நினைவுக்கு வெளியே ஒரு சாட்சி

டிஸ்னியின் 'ஸ்னோ ஒயிட்' படத்தைச் சிறுவயதில் பார்த்தவர்களிடம், பொல்லாத அரசி சுவர்க் கண்ணாடியை எப்படி அழைக்கிறாள் என்று கேட்டால், பலரும் தயங்காமல் கண்ணாடியை இரண்டு தடவை கூப்பிட்டுக் காட்டுவார்கள். படத்தில் அப்படி இல்லை. மாயக் கண்ணாடி என்று ஒரே தடவைதான் அவள் விளிக்கிறாள். இரட்டை விளி கிரிம் சகோதரர்களின் ஜெர்மன் கதையில் உள்ளது. கதைப் புத்தகங்கள், பள்ளிக்கூட நாடகங்கள், பொம்மைப் பெட்டிகள் வழியாகப் பரவிப் படத்தின் நினைவுக்குள் புகுந்து, அங்கேயே பிறந்ததைப் போல உட்கார்ந்துவிட்டது. எதிர்த்திசையிலும் இது நடந்திருக்கிறது. அரசகுமாரன் முத்தமிட்டதும் ஸ்னோ ஒயிட் கண்விழிப்பது கிரிம் கதையிலேயே இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அந்தக் கதையில் முத்தமே கிடையாது. கண்ணாடிப் பேழையைத் தூக்கிச் செல்பவர்கள் இடறுகிறார்கள், அந்தக் குலுக்கலில் தொண்டையில் சிக்கிய ஆப்பிள் துண்டு வெளியே விழுகிறது, அவள் எழுந்துகொள்கிறாள். இதில் யாரும் பொய் சொல்லவில்லை. நேர்மை இருக்கிறது, அன்பு இருக்கிறது, சத்தியம் செய்யும் அளவுக்கு உறுதியும் இருக்கிறது. உண்மை மட்டும் கைக்கு வரவில்லை. பழைய தேவதைக் கதைப் படங்களின் கேசட்டுகளையும் வட்டுகளையும் வீட்டில் சேர்த்து வைப்பவர்களைப் பற்றி யோசிக்க இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். கடந்த காலத்தை விடமுடியாதவர்கள், நினைவிலேயே வாழ்பவர்கள் என்று அவர்களைச் சொல்வது வழக்கம். நான் அதற்கு நேர்மாறாக நினைக்கிறேன். தன் நினைவு தவறாக இருக்கக்கூடும் என்று ஒப்புக்கொள்கிறவருக்கே அந்தப் படத்தைப் பொருளாகக் கையில் வைத்திருக்கும் தேவை வருகிறது.

நினைவு சாட்சியாகுமா என்பது இந்தியத் தத்துவத்தில் மிகப் பழைய வழக்கு. நியாயமும் மீமாம்சையும் நினைவைப் பிரமாணமாக, அதாவது அறிவு தரும் நம்பத்தக்க வழியாக, ஏற்கவில்லை. நினைவு தன் காலில் நிற்பதில்லை, முன்பு பெற்ற அனுபவம் விட்டுச்சென்ற பதிவிலிருந்து எழுகிறது, அந்த அனுபவத்தின் தகுதியைத் தாண்டி அதற்குச் சொந்தத் தகுதி கிடையாது என்பது அவர்கள் சொன்ன காரணம். சமணர்கள் வேறு கட்சி. அகளங்கர் முதலான சமணத் தர்க்க அறிஞர்கள் நினைவையும், 'அதுவே இது' என்ற மீளறிதலையும் பிரமாணங்களின் வரிசையில் சேர்த்தார்கள். நினைவைத் தள்ளிவிட்டால் அனுமானம்கூட நடக்காது என்பது அவர்கள் வாதம். மீளறிதலைப் பற்றிய சண்டை இன்னும் கூர்மையானது. நேற்றுப் பார்த்த குடத்தை இன்று பார்த்து 'அதே குடம்' என்கிறோம், ஆகவே குடம் நிலைத்திருக்கிறது என்றார்கள் நியாயவாதிகள். பௌத்தர்கள் விளக்கைக் காட்டினார்கள். மாலையில் பார்த்த சுடரையும் நள்ளிரவில் பார்த்த சுடரையும் ஒன்று என்கிறோம். ஆனால் எண்ணெய் எரிய எரியக் கணந்தோறும் புதுச் சுடர் பிறக்கிறது. ஒன்றுபோல் இருப்பதை ஒன்றே என்று மனம் மயங்குகிறது என்றார்கள். தமிழுக்கும் இந்த வழக்கு அந்நியமில்லை. மணிமேகலை பௌத்தத் தர்க்கத்துக்கு ஒரு காதையையே ஒதுக்கியது. எல்லாம் கணந்தோறும் அழிகிறது என்ற பௌத்தரின் கணபங்கக் கொள்கையைச் சமண நூலான நீலகேசி எதிர்த்து வாதாடியது. 'நான் அன்று பார்த்த படம் இது இல்லை' என்று ஒரு ரசிகர் சொல்லும்போது, அவர் அறியாமலே இந்த வழக்குக்குள் வந்து நிற்கிறார்.

கையால் வரைந்த அசைவூட்டப் படம் பௌத்தர் கட்சிக்கு ஏற்ற கலை. அதில் எந்த உருவமும் நகர்வதில்லை. நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடுகின்றன, ஓவியங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து மறைகின்றன. ஓவியர் தாளில் பென்சிலால் வரைந்ததை மை-வண்ணப் பிரிவுப் பெண்கள் ஒளி ஊடுருவும் செல்லுலாய்டு தகட்டின் முன்புறத்தில் மையால் படியெடுத்தார்கள், தகட்டைத் திருப்பிப் பின்புறத்தில் வண்ணம் பூசினார்கள். பின்னணி ஓவியத்தின் மீது அதைக் கிடத்திக் கேமரா சட்டகம் சட்டகமாகப் பிடித்தது. ஸ்னோ ஒயிட்டின் கன்னத்தில் தெரியும் மெல்லிய செம்மை அந்தப் பெண்கள் தகடு தகடாகக் கையால் ஒற்றி எடுத்தது. இத்தனை ஆயிரம் தனித்தனி ஓவியங்களிலிருந்து 'ஒரே பெண்' பிறக்கிறாள். அந்தப் படம் 1937 டிசம்பர் 21 அன்று லாஸ் ஏஞ்சலஸின் கார்த்தே சர்க்கிள் திரையரங்கில் முதன்முதலாகக் காட்டப்பட்டது. பிறகு 1944, 1952, 1958, 1967, 1975, 1983, 1987, 1993 என்று தலைமுறைக்குத் தலைமுறை திரையரங்குக்குத் திரும்பி வந்தது. வீட்டு வீடியோவாக வந்தது 1994-இல். அதுவரை 57 ஆண்டுகள், இரண்டு வெளியீடுகளுக்கு நடுவே, சாதாரண ரசிகருக்கு அது வெறும் நினைவு. 1952-இல் குழந்தையாகப் பார்த்தவர் 1975-இல் தன் குழந்தையை அழைத்துப்போய், காடு முன்போல் பயமுறுத்தவில்லை, நிறம் முன்போல் இல்லை என்று உணர்ந்தால், மாறியது எது? படச்சுருளா, பார்க்கும் கண்ணா? இரண்டும் மாறின என்பார் பௌத்தர். அன்று பார்த்தவரே இன்றும் பார்க்கிறார், இல்லாவிட்டால் இந்த ஒப்பீடே எழாது என்பார் நியாயவாதி. இரண்டு பதிலிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் எது எவ்வளவு மாறியது என்பதை இரண்டும் சொல்வதில்லை. மாறக்கூடிய இரண்டை வைத்துக்கொண்டு அதைக் கண்டுபிடிக்க வழியில்லை. இரண்டுக்கும் வெளியே நிற்கும் மூன்றாவது ஒன்று வேண்டும்.

வீட்டு வீடியோ அந்த மூன்றாவதாக வந்து சேர்ந்தது, யாரும் அதற்காக அதை உண்டாக்கவில்லை என்றாலும். 1984-இன் இறுதியில் 'ராபின் ஹுட்' கேசட்டோடு டிஸ்னி தன் 'கிளாசிக்ஸ்' வரிசையைத் தொடங்கியது. 1985-இல் 'பினாக்கியோ', 1986-இல் 'ஸ்லீப்பிங் பியூட்டி', 1988-இல் 'சின்ட்ரெல்லா', 1990-இல் 'தி லிட்டில் மெர்மெய்ட்', 1992-இல் 'பியூட்டி அண்ட் தி பீஸ்ட்' வந்தன. புத்தகம்போல் திறந்து மூடும் தடித்த வெள்ளை பிளாஸ்டிக் பெட்டி, அதன் முதுகில் கறுப்பு வைரச் சின்னம். படத்தைக் குறிப்பிட்ட காலம் விற்றுவிட்டுச் சந்தையிலிருந்து எடுத்துவிடுவார்கள், மறுபடி வர ஏழிலிருந்து பத்து வருடம் ஆகும். இதை 'டிஸ்னி பெட்டகம்' என்று ரசிகர்கள் சொன்னார்கள். அப்புறம் டிவிடியில் 'பிளாட்டினம்' பதிப்பு, ப்ளூ-ரேயில் 'டைமண்ட்' பதிப்பு. ஒரே படத்தை நாலு வடிவத்தில் வைத்திருக்கும் அலமாரிகள் இப்படித்தான் உருவாயின. அந்தக் கேசட்டில் ஒன்றைக் கவனித்திருக்கிறவர்களுக்குத் தெரியும். குழந்தை திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்த பாட்டு வரும் இடத்தில் நாடா தேய்ந்து, திரையின் குறுக்கே வெள்ளைக் கீற்றுகள் பாயும். மற்ற இடங்கள் தெளிவாக இருக்கும். எந்த இடம் அதிகம் நேசிக்கப்பட்டதோ அந்த இடமே அதிகம் அழிந்திருக்கும். நேசித்தவரின் மனசுக்குள்ளும் இதேதான் நடக்கிறது. அடிக்கடி எடுத்துப் பார்க்கும் நினைவே அதிகம் தேய்ந்தும் ஒட்டுப்போட்டும் இருக்கிறது. ஒரே வேறுபாடு, நாடாவின் தேய்மானம் கண்ணுக்குத் தெரிகிறது.

'சின்ட்ரெல்லா'வை எடுத்துக்கொள்வோம். 1950-இல் வந்த படம். நடன விருந்துக்கு அவள் உடுத்திப்போகும் கவுன் நீல நிறம் என்று இன்று உலகம் முழுக்க நினைக்கிறார்கள். பள்ளிப் பை, பொம்மை, பிறந்தநாள் கேக் எல்லாவற்றிலும் அவள் நீலத்தில்தான் வருகிறாள். படத்தில் அது வெள்ளியும் வெண்மையும் கலந்த நிறம். இரவின் நிழல் படும்போது அதில் நீலச் சாயல் ஓடுகிறது, அவ்வளவுதான். கூந்தலும் பொம்மையின் பளிச்சென்ற மஞ்சள் இல்லை, செம்மை கலந்த மங்கிய பொன்நிறம். படத்தை ஆழமாக நேசித்தவர்களின் நினைவிலும் விற்பனைப் பொம்மையின் நீலம் ஏறியிருந்தது. பழைய கேசட்டைப் போட்டுப் பார்த்தவர்கள் தங்கள் நினைவைத் திருத்திக்கொண்டார்கள். அடுத்து நடந்தது அதைவிட முக்கியம். 2005 டிவிடிக்காகவும் பின்னர் 2012 ப்ளூ-ரேக்காகவும் படம் சுத்தம் செய்யப்பட்டபோது, தூசியும் படச்சுருளின் இயல்பான மணற்படிவும் துடைக்கப்பட்டன. கூடவே கவுன் மடிப்பின் மெல்லிய மைக்கோடுகளும் கூந்தல் இழைக் கோடுகளும் சில இடங்களில் தேய்ந்தன, சில இடங்களில் காணாமலே போயின. வண்ணங்களும் இடம் மாறின. அசைவூட்டப் படத்தில் கோடுதான் நடிப்பு. அந்தக் கோட்டில் ஒரு பெண்ணின் விரல் நடுங்காமல் நின்ற நொடி இருக்கிறது. தூசி எது, கோடு எது என்று துடைப்பானுக்குத் தெரியாது. பழைய லேசர் வட்டையும் கேசட்டையும் வைத்திருந்த ரசிகர்கள் சட்டகத்தை நிறுத்தி நிறுத்தி ஒப்பிட்டுக் காட்டினார்கள். 2023-இல் மூல நைட்ரேட் நெகட்டிவிலிருந்து 4கே தரத்தில் புதிதாக மீட்டபோது கோடுகளும் மணற்படிவும் திரும்பி வந்தன. நடுவில் இருந்த அந்த ஆண்டுகளில், 'கோடு இருந்தது' என்ற பேச்சுக்குப் பின்னால் நினைவு மட்டுமே இருந்திருந்தால், அதைக் குழந்தைப் பருவ ஏக்கம் என்று ஒரே சொல்லில் ஒதுக்கியிருக்கலாம். பழைய பிரதி இருந்ததால் அப்படி ஒதுக்க முடியவில்லை. நீலக் கவுனை நினைத்திருந்த ரசிகரைத் திருத்திய அதே பிரதி, கோட்டைத் துடைத்த நிறுவனத்தையும் தவறென்று காட்டியது. தனக்கு வேண்டியவரையும் விட்டுவைக்காத சாட்சியைத்தான் நம்பலாம்.

இங்கே நியாயமான மறுப்பு ஒன்று எழும். கேசட்டும் ஒரு பிரதிதானே, அதுவும் பொய் சொல்லாதா? சொல்லும். இந்தியாவிலும் இலங்கையிலும் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் தொலைக்காட்சி பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையில் இயங்கியது. அதில் நொடிக்கு 25 சட்டகம். 24 சட்டகப் படத்தை அதில் ஏற்ற, படத்தைக் கொஞ்சம் வேகமாக ஓட்டிவிடுவார்கள். 83 நிமிட 'ஸ்னோ ஒயிட்' 80 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பாட்டுகளின் சுருதி அரைச் சுரத்துக்குச் சற்றே குறைவான அளவு ஏறிவிடும். அந்த நாடுகளில் பால் கேசட்டில் வளர்ந்த குழந்தைகள் இந்தப் படங்களின் பாட்டுகளை ஏறிய சுருதியிலேயே மனப்பாடம் செய்தார்கள். பிற்பாடு ப்ளூ-ரேயில் சரியான வேகத்தில் கேட்கும்போது, பாட்டு தொய்ந்துபோன மாதிரி அவர்கள் காதுக்குப் படும். அவர்கள் நினைவில் தவறில்லை, நினைவு கேசட்டுக்கு அணு பிசகாமல் உண்மையாக இருக்கிறது. கேசட்தான் படத்துக்கு உண்மையாக இல்லை. அப்படியானால் ஒரே கேசட்டை நம்பி உட்கார்ந்திருப்பதும் ஒருவகைக் குருட்டுத்தனம். இதற்கு விடை சாட்சியைக் கைவிடுவதில் இல்லை, சாட்சிகளைப் பெருக்குவதில் இருக்கிறது. 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் பல ஏடுகளைத் தேடிப்போய் ஒப்பிட்டார். எந்த ஏடும் பிழையற்றது என்று நம்பி அவர் அதைச் செய்யவில்லை. ஒவ்வொரு ஏட்டிலும் பிழை உண்டு, ஆனால் எல்லா ஏடும் ஒரே இடத்தில் பிழைபடுவது அரிது என்பது பதிப்பாசிரியர்களின் அறிவு. பாடபேதம் குறித்துவைக்கும் பழக்கம் அதிலிருந்து வருகிறது. ஒரே படத்தின் நாலு பதிப்பை அலமாரியில் வைத்திருப்பவரை ஆசைக்காரர் என்று பேசுமுன் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். அவர் பாடபேதம் வைத்திருக்கிறார்.

சரி, இத்தனை பேதங்களுக்கு நடுவே 'படம்' என்பது எது? 'ஸ்லீப்பிங் பியூட்டி' இந்தக் கேள்வியை மிகக் கடுமையாக்குகிறது. எய்விண்ட் ஏர்ல் தீட்டிய பின்னணிகள், இடைக்காலத் திரைச்சீலை ஓவியங்களின் சாயலில், சதுரமாக வெட்டிய மரங்களும் செங்குத்தான பாறைகளுமாக அகலத் திரைக்கென்றே திட்டமிடப்பட்டவை. 1959-இல் படம் டெக்னிரமா என்ற அகலத்திரை முறையில் வந்தது. 1986 கேசட்டில் தொலைக்காட்சிப் பெட்டியின் வடிவத்துக்காக இரண்டு பக்கமும் வெட்டப்பட்டன. திரையின் இரு ஓரத்தில் நின்று ஒருவரையொருவர் பார்த்த பாத்திரங்களில் ஒருவர் வெளியே போய்விட்டார். 2008-இல் வந்த பதிப்பு முழு நெகட்டிவின் அகலத்தையும், அதாவது உயரத்தைப் போல் 2.55 மடங்கை, காட்டியது. அது 1959-இன் திரையரங்குப் பிரதிகள் காட்டியதைவிட அகலம். அப்படியென்றால் மூலம் எது? வரைந்தவர்கள் வரைந்த முழு அகலமா, முதல் ரசிகர்கள் பார்த்த திரையா? மீமாம்சகரிடம் கேட்டால் எளிதாகத் தீர்ப்பார். எழுத்து நிலையானது, நாம் எழுப்பும் ஒலிகள் அதை வெளிப்படுத்துகின்றன, பத்துப் பேர் சொன்னாலும் ஒரே எழுத்துதான் என்பது அவர் கொள்கை. அதேபோல் படம் எங்கோ முழுமையாக இருக்கிறது, பிரதிகள் அதன் வெளிப்பாடுகள் என்று சொல்லிவிடலாம். எனக்கு இதில் உடன்பாடில்லை. வேதத்துக்கு ஆசிரியர் இல்லை என்றார் மீமாம்சகர், அதனால் யாரும் அதற்கு உரிமையாளராக நின்று மாற்ற முடியாது. திரைப்படத்துக்கு உரிமையாளர் உண்டு. கண்ணுக்குத் தெரியாத முழுப் படம் ஒன்று இருப்பதாக ஒப்புக்கொண்டால், அது எப்படியிருக்கும் என்று சொல்லும் அதிகாரமும் அவரிடம் போய்ச் சேரும். கோட்டைத் துடைத்துவிட்டு 'கலைஞர்கள் நினைத்தது இதுதான்' என்று அவர் சொன்னால் மறுக்க வழி இருக்காது. பௌத்தரின் விடை எனக்கு நேர்மையாகப் படுகிறது, அதையும் முழுதாக எடுத்துக்கொண்டால். சுடர் நிலையானதில்லை என்று சொன்னதோடு அவர்கள் நிறுத்தவில்லை. ஒரு சுடரிலிருந்தே அடுத்த சுடர் பிறக்கிறது, அந்தக் காரணத் தொடர் அறாதவரை அதை ஒரே சந்தானம் என்று வழங்கலாம் என்றார்கள். படம் என்பது அப்படியொரு சந்தானம். நெகட்டிவிலிருந்து பிரதி, பிரதியிலிருந்து கேசட், ஸ்கேனிலிருந்து வட்டு. எங்கே என்ன கழிந்தது, எங்கே என்ன சேர்ந்தது என்று தெரிந்திருந்தால்தான் தொடர் அறவில்லை என்று சொல்ல முடியும். இடையிலுள்ள கண்ணிகளைத் தூக்கிப்போட்டுவிட்டுக் கடைசிக் கண்ணியை மட்டும் வைத்துக்கொண்டால், அது எதன் தொடர்ச்சி என்று காட்ட எதுவும் மிஞ்சாது.

தேவதைக் கதைகளுக்கு மாற்றமே உயிர், பாட்டி சொன்னதைப் பேத்தி மாற்றிச் சொல்வாள், படத்துக்கு மட்டும் ஏன் இந்தக் கெடுபிடி என்று கேட்பவர்கள் உண்டு. வலுவான கேள்வி. கிரிம் சகோதரர்களே மாற்றினார்கள். 1812-இல் வந்த முதல் பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லத் துணிகிறவள் பெற்ற தாய். 1819 பதிப்பில் அவள் மாற்றாந்தாய் ஆகிவிட்டாள். கதையில் அரசி மார்க்கச்சை, சீப்பு, ஆப்பிள் என்று மூன்று முறை கொல்லப் பார்க்கிறாள், டிஸ்னி ஆப்பிளை மட்டும் வைத்துக்கொண்டார். இந்த மாற்றங்கள் எதுவும் குற்றமில்லை. ஆனால் பெற்ற தாய் மாற்றாந்தாய் ஆன செய்தி இன்று நமக்கு எப்படித் தெரியும்? 1812 பதிப்பை யாரோ வைத்திருந்ததால். தாய்மையைப் பற்றி அந்தச் சகோதரர்களுக்கும் அவர்கள் வாசகர்களுக்கும் எதைச் சொல்லக் கூசியது என்பதை அந்த ஒரு மாற்றம் காட்டுகிறது. இரண்டாம் பதிப்பு மட்டும் மிஞ்சியிருந்தால், மாற்றாந்தாயின் கொடுமை தொன்றுதொட்டு வந்த கதை என்று நம்பியிருப்போம். மாற்றிச் சொல்லும் உரிமை கதைசொல்லிக்கு எப்போதும் உண்டு. மாற்றியதே தெரியாமல் செய்யும் உரிமையைத்தான் நான் மறுக்கிறேன். வாய்மொழியில் அந்த மறைப்பு நடப்பதில்லை, ஏனென்றால் பாட்டியும் பேத்தியும் ஒரே ஊரில் இருக்கிறார்கள், அத்தையின் கதை வேறு மாதிரி இருப்பதும் எல்லோருக்கும் தெரியும். ஒரே நிறுவனம், ஒரே பிரதி என்றாகும்போது அந்த அத்தை இல்லாமல் போகிறாள்.

ஒழுக்கக் காரணத்துக்காகச் செய்யும் திருத்தம் இதைவிடக் கடினமான இடம். 1933-இன் 'த்ரீ லிட்டில் பிக்ஸ்' குறும்படத்தில் ஓநாய் யூத வியாபாரி வேடத்தில் வந்து கதவைத் தட்டும். யூதர்களை இழிவுபடுத்திய அந்தக் காட்சி 1948 மறுவெளியீட்டுக்காகத் திருத்தி வரையப்பட்டது. 1992-இன் 'அலாதீன்' தொடக்கப் பாட்டில் அரபு நிலத்தைக் காதறுக்கும் நாடாகச் சொன்ன வரிகள், அரபு அமெரிக்கர்களின் எதிர்ப்புக்குப் பிறகு 1993 வீட்டு வீடியோவில் மாற்றப்பட்டன. இரண்டு திருத்தமும் சரி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. குழந்தைகள் முன்னால் ஓடும் படத்தில் ஒரு மக்களை இழிவுபடுத்துவதை நிறுத்துவது அந்த மக்களுக்குச் செய்யும் குறைந்தபட்ச நியாயம். பழைய பிரதியை வைத்திருப்பது இழிவுக்குத் துணைபோவதாகாதா என்ற கேள்விக்கு, அதை யார் முன், எதற்காகப் போட்டுக் காட்டுகிறோம் என்பதில் பதில் இருக்கிறது. பிள்ளைகளுக்குத் திருத்திய படத்தைக் காட்டலாம், காட்ட வேண்டும். ஆனால் இழிவு நடந்தது என்று பாதிக்கப்பட்டவர்கள் சொல்லும்போது அதற்கு ஆதாரம் திருத்தப்படாத பிரதியில்தான் இருக்கிறது. அது அடியோடு அழிந்தால் லாபம் இழிவுபடுத்தியவர்களுக்கே. அவர்கள் எப்போதும் மாசற்றவர்களாக இருந்தது போல் வரலாறு அமைந்துவிடும்.

சமயத்தின் பக்கத்திலிருந்து வரும் மறுப்பைக் கடைசிக்கு வைத்திருந்தேன், அதுதான் எனக்கு மிகக் கனமானது என்பதால். பொருளைச் சேர்ப்பது பற்று. பற்று துன்பத்தின் வேர் என்று புத்தரும் மகாவீரரும் வள்ளுவரும் சொன்னார்கள். குழந்தைப் பருவம் போய்விட்டது, அதைப் பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து வைக்கப் பார்ப்பது நிலையாமையை மறுப்பது ஆகாதா? இந்தக் குற்றச்சாட்டு சிலர் விஷயத்தில் உண்மை என்று ஒப்புக்கொள்கிறேன். கறுப்பு வைரச் சின்னமுள்ள கேசட்டுகள் ஆயிரக்கணக்கான டாலர் பெறும் என்ற வதந்தி அவ்வப்போது கிளம்புகிறது. இணையச் சந்தையில் அப்படி விலை எழுதி வைப்பவர்களும் உண்டு. உண்மையில் பெரும்பாலானவை சில டாலருக்குத்தான் விற்கின்றன. உறை பிரிக்காத கேசட்டை விலைக்காகப் பூட்டி வைத்திருப்பவர் அதைச் சாட்சி சொல்லவே விடுவதில்லை. பெட்டகம் என்ற விற்பனை உத்தி பிறந்ததும் இந்தப் பற்றைத் தூண்டிவிடத்தான். கிடைக்காமல் போய்விடும் என்ற பயத்தை ஒரு தலைமுறைப் பெற்றோரின் மனசில் விதைத்தார்கள். ஆனால் வள்ளுவர் துறவைப் பேசும் இடத்தில் பொருளை விடச் சொன்னதோடு நிற்காமல், நான் என்றும் என்னுடையது என்றும் எழும் இறுமாப்பை விடச் சொல்கிறார். அந்த அளவுகோலை இங்கே வைத்துப் பார்ப்போம். தன் நினைவையே படமாகக் கொண்டாடுகிறவரிடம் பொருள் எதுவும் இல்லை, ஆனால் 'நான் நினைப்பதே சரி' என்ற இறுமாப்பு முழுசாக இருக்கிறது. கேசட்டைப் போட்டுப் பார்த்து, 'நான் நினைத்த நீலம் இதில் இல்லை' என்று ஒப்புக்கொள்கிறவரிடம் பொருள் இருக்கிறது, இறுமாப்பு ஒருபடி இறங்கியிருக்கிறது. இருவரில் துறவுக்குப் பக்கத்தில் நிற்பவர் யார்? நிலையாமையை மறுக்கத்தான் பொருளைச் சேர்க்கிறார்கள் என்ற வாதமும் எனக்குச் சரியாகப் படவில்லை. எல்லாம் கணந்தோறும் மாறுகிறது என்று பௌத்தர் சொன்னது அனுமானத்தால் நிறுவிய கொள்கை. நம் பிறவி மனசு அதை ஏற்காமல் 'எல்லாம் அப்படியேதான் இருக்கிறது' என்று நம்பிக்கொண்டிருக்கும். பழைய பிரதியைப் புதியதன் பக்கத்தில் வைக்கும்போது மாற்றம் கண்முன் தெரிகிறது. தேய்ந்த நாடாவில் தெரியும் வெள்ளைக் கீற்றுகளைவிட நேரடியான நிலையாமைப் பாடம் எது? பழைய பிரதி இல்லாத வீட்டில்தான் எதுவும் மாறாதது போன்ற மயக்கம் நீடிக்கிறது.

அந்த மயக்கத்துக்கு இன்று நல்ல வசதி வந்திருக்கிறது. 2019 நவம்பரில் டிஸ்னி பிளஸ் தொடங்கியதும் பெட்டகம் திறந்துவிட்டதாகப் பேசினார்கள். கிடைக்கிற வகையில் அது உண்மை, ஏழு வருடம் காத்திருந்த பெற்றோருக்கு அது பெரிய விடுதலை. ஆனால் அந்தச் சேவையில் ஒரு படத்துக்கு ஒரு பிரதி. அதை மாற்றினால் முந்தையது போன இடம் தெரியாது. 2023-இல் புதிதாக மீட்ட 'சின்ட்ரெல்லா' அப்படித்தான் பழையதன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. நல்ல மாற்றம், மகிழ்ச்சி. கோடுகளைத் துடைத்த மாதிரி ஒரு மாற்றம் நாளை வந்தாலும் இதே வழியாகத்தான் வரும், அப்போது ஒப்பிட்டுப் பார்க்க வீட்டில் எதுவும் இருக்காது. வீடியோ கேசட் டெக் தயாரித்து வந்த கடைசி நிறுவனமான ஃபுனாய் 2016-இல் உற்பத்தியை நிறுத்தியது. வட அமெரிக்காவில் டிஸ்னி வட்டுகளின் வேலை 2024-இல் சோனியின் கைக்குப் போனது. நாடாவின் காந்தப்பூச்சு ஈரத்தில் பூஞ்சை பிடிக்கிறது, பசை கரைகிறது. சென்னை போன்ற கடலோர ஊர்களில் அலமாரியில் வைத்த கேசட்டுக்கு ஆயுசு குறைவு. ஆகவே வைத்திருப்பவர்கள் சும்மா வைத்திருந்தால் போதாது. ஓடும் நிலையில் இருக்கும்போதே கணினியில் ஏற்றி வைக்க வேண்டும், நிறத்தையும் வேகத்தையும் 'சரிசெய்யாமல்' உள்ளபடியே ஏற்ற வேண்டும், பால் பிரதியா அமெரிக்க என்டிஎஸ்சி பிரதியா, எந்த ஆண்டு, எந்தப் பதிப்பு என்று எழுதி வைக்க வேண்டும். பெட்டியின் முதுகில் அச்சிட்ட எண்ணைக்கூட விடக்கூடாது.

அமெரிக்கச் சட்டப்படி 95 ஆண்டுக் காப்புரிமை முடிந்து 'ஸ்னோ ஒயிட்' 2033 தொடக்கத்தில் பொதுச்சொத்தாகும். காங்கிரஸ் நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் 1989-இலேயே, முதல் 25 படங்களில் ஒன்றாக, அது இடம்பெற்றுவிட்டது. ஆனால் பதிவேட்டில் பெயர் இருப்பது வேறு, மக்கள் கைக்கு எந்தப் பிரதி வருகிறது என்பது வேறு. கார்த்தே சர்க்கிளில் 1937-இல் ஓடியது பொதுச்சொத்தாகிறதா, துடைத்து மெருகேற்றிய பிந்தைய பதிப்பு அதன் பெயரில் புழங்கப்போகிறதா என்ற கேள்வி அன்று எழும். அதைத் தீர்க்க 1994 கேசட், 2001 டிவிடி, 2023-இன் 4கே வட்டு மூன்றும் ஒரே மேசையில் இருக்க வேண்டும். அரசியின் கன்னத்து நிழலையும் ஸ்னோ ஒயிட்டின் கன்னத்துச் செம்மையையும் சட்டகத்துக்குச் சட்டகம் ஒப்பிடப் பொறுமையுள்ள ஆட்களும் வேண்டும். அந்த ஆட்கள் இன்று ரசிகர்களாகத்தான் இருக்கிறார்கள்.